முன்கண்ணாடிக்கு முன்னால ஒரு சின்னத் துவாரம்

யாழ்ப்பாணத்துக் கேத்தில்களுக்குள்ள வெள்ளையாப் படியிறதை எல்லாரும் பார்த்திருப்பீங்கள். எங்கட நிலத்துக்குக் கீழ இருக்கிறது மயோசீன் காலத்துச் சுண்ணாம்புக்கல். அதுக்குள்ளால ஊறி வாற கிணத்துத் தண்ணி கல்சியத்தையும் கரைச்சுக்கொண்டு வருது. இதைப் புவியியல் விரிவுரையில படிச்சு, சோதினையும் எழுதியாச்சு. அதே சுண்ணாம்பை வானின்ர பொனற்றிலயும் ஒருநாள் கண்டன்.

அப்பா வாடகை வான் ஓடுறவர். போன மார்கழியில ரெண்டு பேரும் கொழும்பால திரும்பேக்க, பரந்தனுக்குக் கிட்ட எதிர்ல வந்த லொறி சேத்துத் தண்ணியை அப்படியே முன்கண்ணாடியில இறைச்சுது. அப்பா லீவரை இழுத்தார். மோட்டர் சத்தம் கேட்டுது, தண்ணி வரேல்ல. வைப்பர் சேத்தை இழுத்துப் பூசினதுதான் மிச்சம். எதிர் வெளிச்சத்தில கண்ணாடி முழுக்க மஞ்சள். றோட்டில மாடுகள் படுக்கிற நேரம். அப்பா மெல்ல மெல்ல ஓரங்கட்டினார். நான் இறங்கிப் போத்தில் தண்ணியை ஊத்தினன். கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் கதைக்கேல்ல.

அடுத்தநாள் காலமை பொனற்றைத் திறக்கச் சொன்னன். "உனக்கேன் பிள்ளை இந்த வேலை? கராஜில காட்டுவம்" எண்டார். உண்மையில அரை மணித்தியாலம் காணும்.

முதல்ல காதைக் குடுக்கவேணும். லீவரை இழுக்கச் சத்தமே இல்லையெண்டால் பியூஸ் அல்லது மோட்டர். சத்தம் இருந்தும் தண்ணி இல்லையெண்டால் தாங்கி வெறுமையா, குழாய் கழண்டிருக்கா, அடைப்பா எண்டு பாக்கவேணும். தண்ணியில்லாமல் மோட்டரைக் கனநேரம் ஓட விட்டால் அதுவும் பழுதாகும். ஜெற்றுக்குக் கீழ இருக்கிற குழாயைக் கழட்டி அடிச்சுப் பாத்தம். தண்ணி நல்லாப் பாய்ஞ்சுது. அப்ப அடைப்பு ஜெற்றிலதான்.

ஊசி முனையளவு துவாரம், அதின்ர வாயில வெள்ளைப் பொருக்கு. வினாகிரியில தோய்ச்ச பஞ்சைக் கொஞ்ச நேரம் வைச்சு இளக்கி, மெல்லிய தையல் ஊசியால மெதுவாக் கிளறினன். தடிச்ச ஊசியெண்டால் துவாரம் பெருத்துப் பீச்சல் கெட்டுப்போகும். உதிர்ந்த பொருக்கைக் கீழ்ப்பக்கத்தால சைக்கிள் பம்பில காத்தடிச்சு வெளிய தள்ளினம். வினாகிரி பெயின்றில நிக்காமல் கழுவியும் விட்டம். எங்கட ஜெற்றுக்குள்ள ஒரு சின்ன உருண்டை இருக்கு. அதை ஊசி நுனியால திருப்பி, தண்ணி கண்ணாடியின்ர மேல்பாதியில விழ வைச்சம். ஓடேக்க காத்து அதைக் கீழ அமத்தும்.

அதே கிணத்துத் தண்ணியைத் திரும்ப ஊத்தினால் திரும்பவும் அடைக்கும். இப்ப தாங்கிக்குத் துணியில வடிச்ச மழைத்தண்ணிதான். சவர்க்காரத்தூள் போடுறதையும் விட்டாச்சு. அது காய்ஞ்சு கட்டியாகும். மழையில்லாத மாசங்களுக்கு, பீடத்தில ஏசியால சொட்டுற தண்ணியைப் போத்தில்ல பிடிக்கிறன். அதில சுண்ணாம்பு இல்லை. நுளம்பு வராமல் பின்னேரமே எடுத்துப்போடுவன். கூடப் படிக்கிறவை சிரிக்கினம், சிரிக்கட்டும்.

இரவு ஹயர் வந்தால் அப்பா வெளிக்கிட முதல் லீவரை ஒருக்கா இழுத்துப் பாக்கிறார். உங்கட வீட்டிலயும் ஆரோ ஒராள் இரவில ஓடுவினம். நாளைக்கு ஒருக்கா இழுத்துப் பாக்கச் சொல்லுங்கோ.