கால் கிலோ கைங்கரியம்

ஐம்பத்து நான்காவது வயதில் நாம் தேகாப்பியாசம் ஆரம்பித்ததற்கு நம் பேரன்தான் காரணம். விருதுநகர் பராசக்தி மாரியம்மன் பங்குனிப் பொங்கலில் அக்கினிச் சட்டி வருவதைப் பார்க்க வேண்டும் என்று அவன் அடம் பிடித்தான். தலைக்கு மேல் தூக்கினோம். கைகள் வெடவெடவென்று நடுங்கின. பக்கத்தில் நின்ற யாரோ ஒரு புண்ணியவான் குழந்தையை வாங்கித் தம் தோளில் வைத்துக்கொண்டார். அன்று இரவு நமக்குச் சோறு இறங்கவில்லை.

மறு வாரமே உடற்பயிற்சிக் கூடத்தில் சேர்ந்தோம். மார்கழிக்குள், நின்றபடியே 40 கிலோவை ஐந்து முறை தலைக்கு மேல் உயர்த்தும் யோக்கியதை வந்துவிட்டது. ஆனால் 45 என்றால், கம்பி நெற்றிக்கு நேரே வந்து நின்று, "சௌக்கியமா?" என்று விசாரித்துவிட்டுத் திரும்பிவிடும். நான்கு மாதம் இதே கதை! முதுகை வளைத்துப் பார்த்ததில் இடுப்புப் பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். ஒலிம்பிக் வீரர்களே இப்படி வளைந்து வளைந்துதான், நடுவர்களால் தீர்ப்புச் சொல்ல முடியாமற் போய், 1972 மியூனிக் போட்டியோடு இந்தப் பிரிவையே நீக்கினார்கள். வேலூர்ச் சதீஷ் சிவலிங்கம் 2014-இல் கிளாஸ்கோவில் 179 கிலோ தூக்கித் தங்கம் வென்றாரே என்பீர்கள். அந்த முறையில் கால்களும் ஒத்தாசை செய்யும். நமக்கோ தோளும் புஜமும்தான் கதி.

தெப்பக்குளத்தருகே பருப்புக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சியிடம் குறையைச் சொன்னோம்.

"ஒரேயடியா அஞ்சு கிலோ ஏத்துனா எப்படி அண்ணாச்சி? எட்டுல ஒரு பங்குல்லா! விலையைக்கூட நாங்க அப்படி ஏத்த மாட்டோம்" என்றார் அவர்.

திடுக்கிட்டோம். கூடத்தில் இருந்த மிகச் சிறிய தட்டு இரண்டரைக் கிலோ; பக்கத்துக்கு ஒன்றாக ஐந்து. கால்களுக்கு அது பொருட்டல்ல. சின்னத் தசைகளான தோளுக்கு மலை. மின்தராசு வந்தபின் வேலையற்று மூலையில் கிடந்த எடைக்கற்களில் 200 கிராம் இரண்டும் 50 கிராம் இரண்டும் எடுத்துக் கொடுத்தார் அண்ணாச்சி. இல்லத்தரசி இரண்டு சுருக்குப் பைகள் தைத்தாள். பக்கத்துக்குக் கால் கிலோ! கம்பியின் இரு முனையிலும் அவற்றை இறுக்கிக் கட்டியபோது இளைஞர்கள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதை எடை போடக் கல் இல்லை.

வாரத்துக்கு அரைக் கிலோ. தவறினால் மறு வாரமும் அதே எடை. தூக்கியதைச் சிவகாசிக் காலண்டரில் குறித்து வந்தோம். 43-இல் மூன்று வாரம் முட்டிக்கொண்டு நின்றோம். தினமும் முயல்வதை விட்டு, வாரம் இரண்டே நாள் என்று வைத்துக்கொண்டதும் நகர்ந்தது. பன்னிரண்டாவது வாரம் 45 கிலோ, முதுகு வளையாமல், ஐந்து முறை. அன்று இளைஞர் ஒருவர் தனியே வந்து, அந்தச் சுருக்குப் பைகளைக் கடன் கேட்டார்.

பங்குனிப் பொங்கலும் வந்தது. கம்பி நெளியாது, பேரன் நெளிந்தான். ஆயினும் கைகள் நடுங்கவில்லை. சட்டிகள் வரிசையாகப் போயின.

"தாத்தா, இன்னும் மேலே!" என்றான் பயல்.