செல்ஃப் எடுக்கிறது, ஸ்டார்ட் ஆகவில்லை

கொல்லிமலை செம்மேட்டில் என் பட்டறையை மூடிவிட்டேன். காரணம் முழங்கால், வண்டிக்கு அடியில் படுத்தால் எழுப்பிவிட ஒரு ஆள் தேவைப்படுகிறது. ஊரில் பேச்சு வேறு மாதிரி இருக்கிறது. "பழைய ஆளு, புது வண்டி தெரியாது, அதான் மூடிட்டாரு" என்கிறார்கள். முதலில் சொன்னவன் என்னிடம் ஸ்பேனர் பிடிக்கக் கற்றவன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

புது வண்டிக்குப் போடுகிற ஸ்கேனரோடு எனக்குப் பகை கிடையாது. நல்ல சாமான். செத்துப்போன சென்சார் எது என்று காட்டிக்கொடுக்கும். ஆனால் டீசல் ரெயிலில் பிரஷர் குறைவு என்று காட்டுகிற ஸ்கேனர், ஏன் குறைவு என்று காட்டாது. பட்டறைப் பையன் அதிலுள்ள எரர் கோடைப் படித்துவிட்டு ஹை பிரஷர் பம்பை மாற்றச் சொல்கிறான். பம்புக்கும் டேங்குக்கும் நடுவே ஒரு பைப் ஓடுகிறது, நாலு ஜாயிண்ட் இருக்கிறது, ஒரு ஃபில்டர் இருக்கிறது என்பது அவன் ஞாபகத்துக்கே வருவதில்லை. வண்டிக்காரர் பம்புக்குப் பணம் கட்டுகிறார். பழைய ஜாயிண்ட் அப்படியே இருப்பதால் வண்டி மறுபடியும் நிற்கிறது.

ஸ்டார்ட் ஆகாத வண்டியிடம் முதலில் காதைக் கொடுக்க வேண்டும். சாவியைத் திருப்பினால் ஒரே ஒரு 'டக்', அதோடு சரி என்றால் சொலினாய்ட் இழுக்கிறது, மோட்டார் சுற்றவில்லை. கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம். 'டகடகடக' என்று அடித்தால் பேட்டரி இறங்கியிருக்கிறது, அல்லது டெர்மினலில் உப்புப் பூத்திருக்கிறது. செல்ஃப் மட்டும் 'விர்ர்' என்று தனியாகச் சுற்றினால் பெண்டிக்ஸ். சத்தமே இல்லையென்றால் சாவிப் பக்கத்திலிருந்து வயரைத் தேடிக்கொண்டு வரவேண்டும். மலையில் எலி பாதி வேலையை முடித்து வைத்திருக்கும். இன்னொன்றும் உண்டு. செல்ஃப் சோம்பலாகச் சுற்றும்போது ஆக்சிலேட்டர் கேபிளிலிருந்து புகை வருகிறதா? சிரிக்காதீர்கள். எஞ்சினுக்கும் சேஸுக்கும் நடுவே உள்ள எர்த் பட்டை துருப்பிடித்துவிட்டால், செல்ஃப் கேட்கிற அத்தனை கரண்டும் கிடைத்த வழியில் ஓடும். அந்தக் கேபிள் பழுக்கக் காயும். பேட்டரி மைனஸிலிருந்து ஒரு ஜம்ப் கேபிளை நேராக எஞ்சின் மேல் பிடித்துப் பாருங்கள். செல்ஃப் பாய்ந்து சுற்றினால் கோளாறு பட்டையில்தான். இதை விட்டுவிட்டுப் புது பேட்டரி வாங்கிப் போட்டவர்களை வரிசையில் நிறுத்தினால் சோளக்காடு சந்தை வரை நிற்பார்கள்.

இதெல்லாம் செல்ஃப் எடுக்காத வண்டிக்கு. செல்ஃப் நன்றாக எடுத்தும் எஞ்சின் பிடிக்கவில்லை என்றால் அது வேறு கதை. ஒருவரை செல்ஃப் போடச் சொல்லிவிட்டுப் பின்னால் போய் சைலன்ஸரைப் பார்க்க வேண்டும். வெள்ளைப் புகை வந்தால் டீசல் வருகிறது, எரியவில்லை. பழைய பியூஜோ எஞ்சின் ஜீப்பாக இருந்து மார்கழி விடியற்காலையாகவும் இருந்தால் ஹீட்டர் பிளக்கைப் பாருங்கள். புகையே இல்லையென்றால் டீசலே வந்து சேரவில்லை.

டீசல் வராத வண்டியைப் பற்றிப் பேசினால் மேஸ்திரியைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. ராசிபுரத்தில் பட்டறை வைத்திருந்தார். அரியூர் நாடு, குண்டூர் நாடு, வளப்பூர் நாடு என்று மலை முழுக்க அவரைத் தெரியும். அவரிடம் எடுபிடியாகச் சேர்ந்த புதிதில் நான் செய்த ஒரே வேலை போனட்டைத் திறக்காமல் இருப்பது. கை நீட்டினால் ஸ்பேனரால் முட்டியில் ஒன்று விழும். "மொதல்ல வண்டிக்காரன்கிட்ட பேசுடா. அப்பறம் வண்டிகிட்டப் பேசலாம்."

குண்டூர் நாட்டில் மிளகு மூட்டை ஏற்றுகிற ஒரு மஹிந்திரா ஜீப். காலையில் செல்ஃப் ஜோராக எடுக்கும், ஸ்டார்ட் ஆகாது. கைப் பம்பை அமுக்கி அமுக்கி, ஏர் எடுத்துவிட்டால் பிடித்துக்கொள்ளும். அப்புறம் பகல் முழுக்க ஒரு குறையும் இல்லை. மறுநாள் விடிந்தால் அதே கதை. பேட்டரி மாற்றியாயிற்று. ஹீட்டர் பிளக் நாலும் புதுசு. நாசில் செக் செய்தாயிற்று. கீழே கொண்டுபோய்ப் பம்பையே பிரித்துக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். பட்டறையில் ராத்திரி நிறுத்தி வைத்தால் காலையில் முதல் சாவியிலேயே ஸ்டார்ட்! வண்டிக்காரர் அழாத குறை. பேய் பிடித்திருக்கிறது என்று எலுமிச்சம்பழம் கட்டியிருந்தார்.

மேஸ்திரி கேட்டது இது: "ஊட்ல வண்டிய எந்தப் பக்கம் மூஞ்சி வெச்சு நிறுத்துவே?"

"மேட்டப் பாத்துங்க."

"நாளைக்குத் திருப்பிப் பள்ளத்தப் பாத்து நிறுத்து. ஏன்னு கேக்காதே."

மறுநாள் ஸ்டார்ட் ஆகிவிட்டது. வண்டிக்காரர் கோயிலுக்குக் கிளம்பிவிட்டார், மேஸ்திரி அதோடு விடவில்லை. என்னைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி, காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவும் கடந்து, அந்த வீட்டு வாசலில் இறங்கினார். டேங்கிலிருந்து பம்ப் வரை உள்ள பைப் இழுக்கிற பைப். வண்டி ஓடும்போது அதற்குள் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவு. அதில் முடி அளவு இடுக்கு இருந்தால் டீசல் வெளியே சொட்டாது, காற்று உள்ளே போகும். மூஞ்சியை மேட்டுப் பக்கம் வைத்து நிறுத்தினால் எஞ்சின் உயரத்தில், டேங்க் தாழ்வில். ராத்திரியெல்லாம் அந்த இடுக்கு வழியாகக் காற்று புகுந்து, டீசல் கொஞ்சம் கொஞ்சமாக டேங்குக்கே திரும்பிப் போய்விடுகிறது. பட்டறைத் தரை மட்டம். அங்கே அவ்வளவு இறங்குவதில்லை. திருப்பி நிறுத்தியதும் டேங்க் மேலே வந்துவிட்டது. இப்போது அதே இடுக்கு வழியாக டீசல் வெளியே கசிந்தாக வேண்டும். மேஸ்திரி டார்ச் அடித்துப் பைப் வழியே விரலை ஓட்டிக்கொண்டே போனார். ஃபில்டர் பக்கத்து பான்ஜோ போல்ட்டடியில் காசு அளவுக்கு ஓர் ஈர வளையம், அதில் புழுதி ஒட்டியிருந்தது. யாரோ ஃபில்டர் மாற்றும்போது பழைய காப்பர் வாஷரையே திரும்பப் போட்டிருக்கிறார்கள். அழுந்தி இறுகிப்போன செம்பு மறுபடி சரியாக உட்காராது. அடுப்பில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டு எடுத்தார்; செம்பு இளகிவிட்டது. பூட்டினார். மூஞ்சியை மேட்டுப் பக்கமே வைத்து நிறுத்தச் சொன்னார். கூலியாகக் கால் கிலோ மிளகு.

இன்றைய காமன் ரெயில் வண்டியில் இந்தக் கோளாறு இன்னும் மோசம். பல வண்டிகளில் ரெயிலில் அழுத்தம் 200 பாரை ஒட்டி ஏறாவிட்டால் நாசிலைத் திறக்கக் கம்ப்யூட்டர் சம்மதிக்காது. துளிக் காற்று போதும், அந்த அழுத்தம் ஏறாது. அதற்காகப் பழைய ஜீப்பில் செய்வதுபோல நாசில் நட்டைத் தளர்த்தி ஏர் எடுக்கப் போகாதீர்கள். ஓடுகிற எஞ்சினில் அங்கே அழுத்தம் ஆயிரம் பாரைத் தாண்டும், பீய்ச்சுகிற டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். இழுக்கிற பைப்பில் சந்தேகப்படுகிற இடத்தில் உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் டியூபை ஒரு முழம் சேர்த்து, செல்ஃப் போட்டுக் குமிழி ஓடுகிறதா என்று பார்த்தால் போதும். டியூபின் விலை ஒரு டீ விலைதான். இந்த வேலையை இப்போது யாரும் செய்வதில்லை. பில்லில் எழுத ஒன்றும் இல்லாத வேலை.

எழுத எழுதக் கோபம் வருகிறது. ஸ்டார்ட் ஆகாத டீசல் வண்டிக்கு ஏர் ஃபில்டரில் ஸ்டார்ட்டிங் ஸ்பிரே அடிக்கிற பழக்கம் வந்திருக்கிறதே, ஹீட்டர் பிளக் சூடாக இருக்கும்போது அதை அடித்தால் பிஸ்டன் மேலே வரும் முன்பே வெடிக்கும். ரிங் ஒடியும், பிஸ்டனே உடையும். காலையில் ஸ்பிரே அடித்தவன் மாலையில் எஞ்சினைப் பிரித்துக் கூலி வாங்குகிறான்.

இன்னொன்று, இறக்கத்தில் உருட்டி ஸ்டார்ட் செய்வது. மலைக்காரன் பேட்டரி பலவீனமாக இருந்தால் பள்ளத்தைப் பார்த்துத்தான் வண்டியை நிறுத்துவான், நானும் நிறுத்தியிருக்கிறேன். ஆனால் எந்த இறக்கம் என்று ஒரு கணக்கு உண்டு. டீசல் வண்டியில் பிரேக்குக்கு வேக்கம் கொடுக்கிற பம்ப், பல வண்டிகளில் டைனமோவுக்குப் பின்னாலேயே, எஞ்சினோடு சேர்ந்து சுற்றுவது. எஞ்சின் ஓடாவிட்டால் மிச்சமிருக்கிற வேக்கத்தில் ஓரிரண்டு மிதிதான்; அப்புறம் பெடல் கல்லாகிவிடும். பவர் ஸ்டியரிங்கும் இருக்காது. இறக்கம் முடிகிற இடத்தில் ஏற்றம் இருந்தால் மட்டும் உருட்டலாம். கொண்டை ஊசி வளைவில் முடிகிற இறக்கத்தில் உருட்டக் கூடாது. ஆடிப் பதினெட்டுக்கு வல்வில் ஓரி விழா பார்க்க மேலே வருகிறவர்கள், பனிமூட்டத்துக்குப் போட்ட ஹெட்லைட்டை அணைக்காமலே அறப்பளீஸ்வரர் கோயிலுக்குள் போய்விட்டு, வந்து பார்த்தால் பேட்டரி காலி என்று நிற்பார்கள். அவர்களுக்கு யோசனை சொல்ல அங்கே பத்துப் பேர் கூடுவார்கள். "தள்ளி விடுங்க சார்" என்று முதலில் சொல்கிறவன் பெரும்பாலும் வண்டியே ஓட்டத் தெரியாதவன்.

எனக்கு இனி வண்டி வேண்டாம். ஆனால் உங்களுக்கு ஒரு மெக்கானிக் தேவைப்படத்தான் போகிறது. அவருக்குப் போன் செய்யும்போது "வண்டி ஸ்டார்ட் ஆகல, சீக்கிரம் வாங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள். ராத்திரி வண்டி எந்தப் பக்கம் சாய்ந்து நின்றது, சாவி திருப்பினால் என்ன சத்தம், சைலன்ஸரில் புகை வந்ததா, கடைசியாக யார் எதைக் கழற்றினார்கள், இவ்வளவையும் சொல்லுங்கள். சொல்ல ஆரம்பிக்கும்போதே "அதெல்லாம் வேண்டாம், ஸ்கேனர் போட்டுக்கலாம்" என்று அவர் குறுக்கே பேசினால், வேறு ஆளைக் கூப்பிடுங்கள்.