பாதிப் பேர் வைத்திருக்கிறார்கள் என்றொரு வாதம்

திருட்டு விண்டோஸ் வழக்கு என்றதும் எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு நினைவுக்கு வருவது ஒரே வகைதான். மென்பொருள் நிறுவனம் வாதி. கம்ப்யூட்டர் கடைக்காரரோ ஏதோவொரு அலுவலகமோ பிரதிவாதி. பெரும்பாலும் டெல்லி உயர் நீதிமன்றத்தில் நடக்கும். உரிமையாளர் தான் தொழில் நடத்தும் ஊரிலேயே வழக்குப் போடலாம் என்று பதிப்புரிமைச் சட்டத்தின் 62-ஆம் பிரிவு இடம் கொடுப்பதுதான் காரணம். உள்ளூர்க்காரர் டெல்லியில் வக்கீல் தேடிப் பிடிப்பதற்குள் நீதிமன்றம் நியமித்த கமிஷனர் வந்து ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிக்கொண்டு போயிருப்பார். நான் இங்கே சொல்வது அந்த வகை இல்லை. இதில் மென்பொருள் நிறுவனம் ஒரு தரப்பே அல்ல. வாங்கியவர் விற்றவர் மேல் போட்ட வழக்கு. மதுரை மாவட்ட நுகர்வோர் குறைதீர் மன்றத்தில் நடந்தது.

என் கட்சிக்காரர் டிடிபி வேலை செய்பவர். கல்யாணப் பத்திரிகை, கும்பாபிஷேக நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர், காதுகுத்து வசந்த விழா அழைப்பு. அவரும் அவர் மனைவியும் ஆளுக்கொரு சிஸ்டத்தில் உட்கார்ந்து டைப் அடிப்பார்கள். 2008 கடைசியில் இரண்டு அசெம்பிள்டு கம்ப்யூட்டர் வாங்கினார். பில்லில் மதர்போர்டு, ரேம், ஹார்ட் டிஸ்க், மானிட்டர் எல்லாம் தனித்தனி வரி. கடைசிக்கு முந்தைய வரியில் ‘எக்ஸ்பி ஒரிஜினல் – 2’ என்று எழுதி, ஒன்றுக்கு நாலாயிரத்துச் சொச்சம் போட்டிருந்தது. வழக்கு முழுவதும் அந்த ஒரு வரியில்தான் நின்றது.

2008 கடைசியில் எக்ஸ்பியா என்று கேட்கலாம். மன்றத்தின் உறுப்பினர் ஒருவரே கேட்டார். நியாயமான கேள்விதான். எக்ஸ்பி வெளிவந்தது 2001 அக்டோபரில். அடுத்த பதிப்பான விஸ்டா 2007 ஜனவரியிலேயே கடைக்கு வந்துவிட்டது. 2008 ஜூன் 30-உடன் எக்ஸ்பியின் பொதுச் சில்லறை விற்பனையையும் நிறுத்திவிட்டார்கள். சிறிய அசெம்பிளர்களுக்கு மட்டும் இன்னும் சில மாதம் விட்டுவைத்திருந்தார்கள். ஆனால் தமிழ் டிடிபிக்காரர் யாரும் விஸ்டாவைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவர்கள் பிழைப்பு பக்கம் அமைக்கும் மென்பொருளான பேஜ்மேக்கரில் ஓடியது. பேஜ்மேக்கர் 7 வந்த ஆண்டும் 2001. அதற்கு மேல் பெரிய பதிப்பு வரவே இல்லை. அதற்குள் யூனிகோடு தமிழ் ஏறாது. ஒவ்வொரு எழுத்துரு நிறுவனமும் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் எழுத்துகளைத் தன் இஷ்டப்படி அடுக்கி வைத்திருந்தது. ஒரு கம்பெனி எழுத்துருவில் ‘அ’ இருக்கும் இடத்தில் இன்னொன்றில் ‘ழ’ இருக்கும். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டில் டாம், டாப் என்ற தரங்களை வகுத்தார்கள். அச்சகத்துக்காரர்கள் கையிலிருந்த பழைய எழுத்துருவை விடவில்லை. பத்து வருஷத்துப் பத்திரிகைகள், வாசகங்கள், ஊர்ப்பெரியவர்களின் பட்டப்பெயர் வரிசைகள் எல்லாம் அந்த எழுத்துருவில்தான் கிடந்தன. இயங்குதளத்தை மாற்றினால் எழுத்துரு முரண்டு பிடிக்கும், எழுத்துரு போனால் பழைய கோப்புகள் எல்லாம் வெறும் கிறுக்கல். எக்ஸ்பி மேல் இருந்த பிரியத்தால் யாரும் அதில் ஒட்டிக்கொண்டிருக்கவில்லை.

பிராட்பேண்ட் இணைப்பு எடுத்த பிறகுதான் சிக்கல் தொடங்கியது. 2008 ஆகஸ்டிலிருந்து எக்ஸ்பி புரொபஷனலுக்கு ஒரு புதுப்பிப்பு வந்துகொண்டிருந்தது. உள்ளே இருப்பது அசல் பிரதி இல்லை என்று அது கண்டால், மணிக்கொரு தரம் திரையின் பின்புலத்தைக் கறுப்பாக்கிவிடும். நீங்கள் மறுபடி படம் போட்டாலும் அறுபது நிமிடத்தில் மறுபடி கறுப்பு. உள்ளே நுழையும்போதே, நீங்கள் போலி மென்பொருளால் ஏமாற்றப்பட்டிருக்கலாம் என்ற பொருளில் ஒரு எச்சரிக்கையும் வரும். வேலை நிற்காது, மானம் போகும். புரூஃப் பார்க்க வந்த ஒருவர், “என்னண்ணே, இவ்வளவு பெரிய கடை வச்சிருக்கீங்க, திருட்டு சி.டி.யா?” என்று கேட்டாராம். அதைச் சொல்லும்போதுதான் என் கட்சிக்காரருக்குக் குரல் உயர்ந்தது. கடைக்காரரிடம் போனால், “அண்ணே, நெட்டைக் கழட்டி விடுங்க, சரியாப் போயிரும்” என்று பதில்.

வழக்குக் கட்டைப் பிரிப்பதற்கு முன் என் கட்சிக்காரரின் கடைக்குப் போய்ப் பார்த்தேன். கேபினட்டின் பக்கவாட்டில் பளபளப்பான அசல் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. டார்ச் அடித்துக் குனிந்து படித்தால், அதில் ஒரு பிராண்டட் கம்ப்யூட்டர் கம்பெனியின் பெயர் அச்சாகியிருக்கிறது. இதுவோ அசெம்பிள்டு பெட்டி. ஸ்கிராப்புக்குப் போன ஏதோவொரு கம்ப்யூட்டரிலிருந்து உரித்து இங்கே ஒட்டியிருக்கிறார்கள். ஓ.ஈ.எம். உரிமம், அதாவது கம்ப்யூட்டர் தயாரிப்பாளர் வழியாக வரும் உரிமம், அது முதலில் ஏறிய கம்ப்யூட்டரோடு முடிந்துபோவது. ஸ்டிக்கரை உரித்து மாற்றினால் உரிமம் கூட வராது. அடுத்து ‘மை கம்ப்யூட்டர்’ மேல் ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் பார்த்தோம். அங்கே நான்கு பகுதியாக ஒரு எண் வரும். ஓ.ஈ.எம். பிரதி என்றால் இரண்டாம் பகுதியில் ஓ.ஈ.எம். என்றே எழுத்தில் இருக்கும். இவருடைய இரண்டு சிஸ்டத்திலும் 640 என்று இருந்தது. அது பெரிய அலுவலகங்களுக்கு மொத்தமாகக் கொடுக்கும் வால்யூம் உரிமத்தின் அடையாளம். அதாவது ஒட்டியிருந்த ஸ்டிக்கர் ஒரு கம்ப்யூட்டருடையது, உள்ளே ஏறியிருந்த பிரதி வேறு யாருக்கோ கொடுத்த சாவி. இரண்டுமே இவருடையது இல்லை.

இங்கே ஒரு ஆபத்து இருந்தது. பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவு, உரிமம் இல்லாத கணினி நிரலை அறிந்தே பயன்படுத்துபவருக்குக் குறைந்தது ஏழு நாள், அதிகபட்சம் மூன்று ஆண்டு சிறை என்கிறது. ஐம்பதாயிரம் முதல் இரண்டு லட்சம் வரை அபராதமும் உண்டு. புகாரில் ‘என்னிடம் இருப்பது போலி’ என்று எழுதிக் கையெழுத்துப் போடும் நிமிடத்திலிருந்து ‘அறிந்தே’ என்ற சொல் அவர்மேல் பாயும். அதனால் முதலில் பழைய ஹார்ட் டிஸ்க் இரண்டையும் கழற்றி உறையிலிட்டு வைக்கச் சொன்னேன். புது டிஸ்க்கில் முறையான விண்டோஸ் 7 புரொபஷனல் வாங்கிப் போட்டார். அதில் எக்ஸ்பி மோட் என்று ஒரு வசதி இருந்ததால் பேஜ்மேக்கரும் பிழைத்தது. அதற்குப் பிறகுதான் புகாரைத் தாக்கல் செய்தோம். 2010-இல், இரண்டாண்டுக் காலவரம்பு முடிவதற்குச் சற்று முன்பு.

பதிலுரையில் கடைக்காரர் தரப்பு முதலில் எடுத்தது, இவர் நுகர்வோரே இல்லை, வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் என்ற வழக்கமான ஆட்சேபம். அதற்கு உச்ச நீதிமன்றத்தின் 1995-ஆம் ஆண்டு லக்ஷ்மி இன்ஜினியரிங் தீர்ப்பு போதும். கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட் எதிர்தரப்பாக இருந்த வழக்கு அது. சுயதொழில் செய்து பிழைப்பதற்காக வாங்கித் தானே பயன்படுத்துபவர் நுகர்வோர்தான் என்று விளக்கும் இடத்தில் நீதிமன்றம் எடுத்துக்கொண்ட உதாரணங்களில் ஒன்று, கூலிக்கு டைப் அடிப்பவர் வாங்கும் டைப்ரைட்டர். டிடிபிக்காரருக்கு இதைவிடப் பொருத்தமான முன்தீர்ப்பு கிடைக்காது. மென்பொருள் ‘பொருள்’ ஆகாது, லோடிங் என்பது இனாமாகச் செய்த சேவை என்ற அடுத்த ஆட்சேபத்துக்கு டாட்டா கன்சல்டன்சி வழக்கின் 2004 தீர்ப்பு இருந்தது. கடையில் விற்கும் மென்பொருள் சரக்குதான். இனாம் என்ற பேச்சுக்குப் பில்லின் அந்த வரியே பதில்.

மூன்றாவதாக வந்ததுதான் வழக்கமில்லாதது. பதிலுரையோடு ஒரு வண்ணப் பிரிண்ட்அவுட் இணைத்திருந்தார்கள். ஸ்டேட்கவுண்டர் என்ற நிறுவனத்தின் வரைபடம்: இந்தியாவில் எந்த இயங்குதளம் எத்தனை சதவீதம். எக்ஸ்பியின் கோடு பாதிக்கு வெகு மேலே. பிறகு, வழக்கு இழுத்த வாய்தாக்களுக்கு நடுவே இன்னொரு தாளும் சேர்ந்தது. பிஸினஸ் சாஃப்ட்வேர் அலையன்ஸ் 2011-ஆம் ஆண்டுக்கு வெளியிட்ட கணக்கு: இந்தியாவில் கம்ப்யூட்டர்களில் ஏற்றப்படும் மென்பொருளில் 63 சதவீதம் உரிமம் இல்லாதது. இரண்டையும் சேர்த்து எதிர்தரப்பு வக்கீல் சொன்னது இது: நாட்டில் பாதிக்கு மேல் எக்ஸ்பி, அதில் பெரும்பங்கு உரிமமில்லாத லோடிங்தான், அசெம்பிள்டு சிஸ்டம் வாங்குகிற எவருக்கும் இது தெரியும், சந்தை வழக்கத்தை அறிந்து வாங்கியவர் இப்போது ஏமாந்தேன் என்று சொல்ல முடியாது. கெட்டிக்காரத்தனமான வாதம், ஒப்புக்கொள்கிறேன். உறுப்பினர்கள் அந்த வரைபடத்தைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தார்கள்.

நுகர்வோர் மன்றத்தில் கூண்டேற்றிக் குறுக்கு விசாரணை செய்வது அபூர்வம். நிரூபண வாக்குமூலத்திலேயே பெரும்பாலும் முடிந்துவிடும். மின்னணுப் பதிவுகளுக்குச் சாட்சியச் சட்டம் கேட்ட 65பி சான்றிதழ் இல்லை என்று பிரிண்ட்அவுட்டைத் தள்ளவும் வழியில்லை. அதைக் கட்டாயமாக்கிய அன்வர் தீர்ப்பு 2014-இல்தான் வந்தது. ஆகவே வரைபடத்தை அதன் களத்திலேயே எதிர்கொள்ள வேண்டியிருந்தது. ஸ்டேட்கவுண்டர் எண்ணுவது கம்ப்யூட்டரையும் அல்ல, உரிமத்தையும் அல்ல. தன் கணக்குக் குறியீடு பதிந்த இணையதளங்களின் பக்கங்கள் எத்தனை முறை திறக்கப்பட்டன, திறந்தது எந்த இயங்குதளம் என்பதைத்தான் அது எண்ணுகிறது. நெட் அப்ளிகேஷன்ஸ் என்ற இன்னொரு நிறுவனம் வந்துபோன ஆட்களை எண்ணியது. விளைவு என்ன? விண்டோஸ் 7 உலக அளவில் எக்ஸ்பியை முந்தியது எப்போது என்று கேட்டால், முதல் நிறுவனம் 2011 அக்டோபர் என்கிறது. இரண்டாவது 2012 ஆகஸ்ட் என்கிறது. ஒரே சம்பவத்துக்குப் பத்து மாத வித்தியாசம். அந்த இரண்டு செய்திகளையும் நானும் பிரிண்ட்அவுட் எடுத்துக் கொடுத்தேன்.

அதைவிட முக்கியமாக ஒன்று சொன்னேன். கடைக்காரரின் ஆலோசனைப்படி நெட்டைக் கழற்றிவிட்டால், என் கட்சிக்காரரின் சிஸ்டம் இந்த வரைபடத்தில் எங்கே இருக்கும்? எங்கேயும் இருக்காது. வைரஸுக்குப் பயந்து நெட் கொடுக்காமல் ஓடுகிற டிடிபி சிஸ்டம் மதுரையிலும் சிவகாசியிலும் எத்தனையோ. அவை எதுவும் இந்தக் கோட்டில் ஏறவில்லை. பயன்பாட்டுக் கணக்கு பயன்பாட்டைத்தான் காட்டும். யார் யாருக்கு எந்த உரிமையில் விற்றார் என்பதை அதிலிருந்து படிக்க முடியாது. 63 சதவீதமும் உலகளாவிய ஆய்விலிருந்து எடுத்த மதிப்பீடு. அதை உண்மை என்றே வைத்துக்கொண்டாலும், மீதி 37 சதவீதத்தில் ஒருவராக இருக்கத்தானே இவர் ‘ஒரிஜினல்’ என்ற வரிக்குத் தனியாகப் பணம் கொடுத்தார்? சரக்கு விற்பனைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு, விற்பவருக்கு விற்கும் உரிமை இருக்க வேண்டும் என்பதை ஒப்பந்தத்தில் எழுதாமலே இருக்கும் நிபந்தனையாக வைக்கிறது. ஊரே மீறினாலும் அந்த நிபந்தனை போகாது.

இலவச லினக்ஸ் போட்டுக்கொண்டிருந்தால் நஷ்டமே இல்லையே என்றும் எதிர்தரப்பு கேட்டது. 2011 செப்டம்பரில் தமிழக அரசு கொடுக்கத் தொடங்கிய மாணவர் மடிக்கணினிகளில் விண்டோஸ் 7 ஸ்டார்ட்டரோடு பாஸ் லினக்ஸும் இருந்ததைச் சுட்டிக்காட்டினார்கள். அதற்கு அவர்களுடைய வரைபடத்தையே திருப்பிக் காட்டினேன். அதே தாளில் லினக்ஸின் கோடு தரையோடு தரையாகக் கிடந்தது. மாணவருக்குப் பொருந்துவது பேஜ்மேக்கரில் பிழைப்பவருக்குப் பொருந்தாது.

மன்றம் ஒரு வழக்கறிஞர் ஆணையரை நியமித்து, பாலிடெக்னிக் ஆசிரியர் ஒருவர் துணையோடு பழைய டிஸ்க்குகளைப் பரிசோதிக்க வைத்தது. அறிக்கையில் 640 வந்தது. ஸ்டிக்கரிலிருந்த சாவியும் உள்ளே ஏறியிருந்த சாவியும் வேறு என்பதும் வந்தது. அதற்கு மேல் பேச அதிகம் இல்லை.

உத்தரவு எங்களுக்குச் சாதகம், ஆனால் கேட்டதெல்லாம் கிடைக்கவில்லை. மென்பொருளுக்கு வாங்கிய தொகையை வட்டியோடு திருப்பித் தர வேண்டும், மன உளைச்சலுக்கு இழப்பீடு, வழக்குச் செலவு. புது விண்டோஸின் விலையைத் தர மறுத்துவிட்டது. அது சரிதான், இரண்டையும் கொடுத்தால் என் கட்சிக்காரருக்கு விண்டோஸ் சும்மா கிடைத்ததாகிவிடும். தொழில் நஷ்டத்துக்குக் கணக்குப் புத்தகம் இல்லாததால் அதுவும் போயிற்று. வரைபடத்தைப் பற்றி உத்தரவில் ஒரே வாக்கியம்: எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்பது எதிர்தரப்பினருக்கு விற்கும் உரிமை இருந்ததா என்ற கேள்விக்கு விடையாகாது என்ற பொருளில். கடைக்காரர் மேல்முறையீடு போகவில்லை, பணத்தைக் கட்டிவிட்டார்.

எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8-இல் நின்றது. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-இல் நின்றது. அதற்கு மூன்று மாதம் முன்புதான் ஸ்டேட்கவுண்டர் கணக்கில் விண்டோஸ் 11 முதலிடத்துக்கு வந்தது. இப்போது மறுபடியும் ஒரு பெரிய கூட்டம் செகண்ட் ஹேண்ட் கம்ப்யூட்டர் கடைகளில் நிற்கிறது; சில நூறு ரூபாய்க்குச் சாவி என்ற பேச்சும் கேட்கிறது. வாங்குகிறவர்கள் இயங்குதளத்துக்குப் பில்லில் தனி வரி கேளுங்கள். சிஸ்டம் தெரிந்த யாரையாவது கூட வைத்துக்கொண்டு, உரிமம் ஓ.ஈ.எம்.மா, ரீட்டெயிலா, வால்யூமா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள். ஏமாந்துவிட்டால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி கடை எந்த ஊரில் இருந்தாலும் உங்கள் மாவட்ட ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. காலவரம்பு அதே இரண்டு ஆண்டு.