கோழித் தீனியும் அழையா விருந்தினரும்

ஜாம்ஷெட்பூரில் எங்கள் வீட்டுக் கொல்லையில் ஆறு கோழிகள் வளர்த்து வருகிறோம். தீனித் தட்டைக் கூட்டினுள்ளே சுவரோரமாக வைத்திருந்தேன். மிச்சத் தீனி இரவெல்லாம் அங்கேயே கிடக்கும். கோழிகள் பசியறியாதிருக்கட்டுமே என்பது என் எண்ணம். சென்ற மழைக்காலத்தில் ஒருநாள் காலை, பெட்டை பொரித்த ஒன்பது குஞ்சுகளில் நான்கே எஞ்சியிருந்தன. மூலையில் சாரைப்பாம்பொன்று வயிறு புடைத்துக் கிடந்தது. கூடு செய்து தந்தவனை நொந்துகொண்டேன். ஊரிலிருந்து வந்திருந்த அன்னையாரோ, சுவரடியில் இருந்த எலி வளையைச் சுட்டிக்காட்டி, "எலிக்குச் சோறு போட்டவன் நீ, தம்பி. அதைத் தேடியல்லவா பாம்பு வந்திருக்கிறது!" என்றார். மறுமொழி கூற எனக்கு நா எழவில்லை.

இப்பொழுது தீனிப் பாத்திரம் கூட்டுக்கு வெளியே, தாழ்வாரத்தின் நடுவில், கோழியின் முதுகு உயரத்தில் தொங்குகிறது. அவ்வுயரத்தில் கிளறிச் சிந்துவது குறைவு. அந்தி சாய்ந்ததும் அதைக் கழற்றித் தகரப் பெட்டியில் மூடிவைப்பது என் இளைய மகளின் பொறுப்பு; இருளில் கோழி எப்படியும் தீனி பொறுக்காது. வளையை அடைத்தோம். அரை அங்குலக் கண்ணுள்ள கம்பிவலையைக் கூட்டைச் சுற்றி ஓரடி ஆழம் புதைத்தோம். கீரி தோண்டி நுழைவதும் அதனால் நின்றது. பகலில் வரும் காகங்களுக்குத்தான் இன்னும் வழி பிறக்கவில்லை.

அந்தப் பெட்டை மீண்டும் அடைக்கு அமர்ந்திருக்கிறது.