மொரிஸ் மைனருக்குச் சன்னி எஞ்சினா, சுப்பர்சார்ஜரா?

மன்னார் வீதியால் போகிறவர்கள், சந்தியில் காண்கிறவர்கள், பள்ளிவாசலில் ஸலாம் சொல்லிவிட்டுப் பக்கத்தில் நிற்கிறவர்கள் எல்லோரும் இப்போது ஒரே கேள்விதான் கேட்கிறார்கள். "சேர், காருக்கு என்ன முடிவு?" ஆளாளுக்குச் சொல்லி வாய் நொந்துவிட்டது. அதனால் இங்கேயே எழுதி விடுகிறேன். கொஞ்சம் நீளம். ஒரு பிளேன்ரீயோடு வாசியுங்கள்.

தெரியாதவர்களுக்காக: கார் வாப்பாவுடையது. மொரிஸ் மைனர் 1000, 948 சிசி எஞ்சின், ஸ்ரீ இலக்கத் தகடு. 1984 இல் வாங்கி அதிலேயே ஹயர் ஓடி எங்கள் எல்லோரையும் படிப்பித்தார். நெளுக்குளத்திலும் பட்டாணிச்சூரிலும் இப்போது தாடி வைத்துக்கொண்டு திரிகிற சில பேர், அவர்களுடைய உம்மாமாரை நடுச்சாமத்தில் அந்தக் காரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ப் பிறந்தவர்கள். கல்யாண மாப்பிள்ளைமார் கணக்கில்லை. இரண்டு வருடமாக அது மாமரத்தின் கீழ் நிற்கிறது. ஒயில் குடிக்கிறது, நீலப் புகை விடுகிறது, ஸ்லோவில் விட்டால் ஒயில் லைட் மினுங்குகிறது. உம்மாவை மாதா மாதம் கிளினிக்குக் கொண்டுபோக முச்சக்கரவண்டி பிடிக்கிறோம். வாசலில் ஒரு கார் நிற்க முச்சக்கரவண்டியில் ஏறுவது வாப்பாவுக்குப் பிடிக்கவில்லை. ஏறும்போதெல்லாம் மாமரத்தின் பக்கம் பார்க்காமல் ஏறுகிறார்.

டோஹாவில் இருக்கும் நானா, திருத்துகிற காசை நான் தருகிறேன் என்று சொன்னார். அங்கேதான் பிரச்சினை தொடங்கியது.

நானாவின் கட்சி எஞ்சின் மாற்றுவது. நிசான் சன்னியின் ஏ14 எஞ்சினும் ஐந்து கியர்ப் பெட்டியும் போட்டால் முடிந்தது என்கிறார். ராத்தாவின் மகன் உயர்தரத்தில் தொழினுட்பம் படிக்கிறான். அவனுடைய கட்சி சுப்பர்சார்ஜர். "மாமா, எஞ்சினைக் கழற்றினா அது மைனரே இல்ல. அதே எஞ்சினுக்குக் காத்தைக் கூட்டிக் குடுத்தாக் காணும்" என்கிறான். இரண்டு பேரும் கடைசியில் என்னிடம் வந்தார்கள். வீட்டில் கல்வியியற் கல்லூரிக்குப் போனவன் நான் ஒருவன்தான் என்பதால் எஞ்சினும் எனக்குத் தெரியும் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

மருமகனின் கதையை முதலில் சொல்கிறேன். அது சும்மா சின்னப் பிள்ளைத்தனம் இல்லை. மைனரில் 1952 இலிருந்து வந்தது பிஎம்சியின் ஏ வரிசை எஞ்சின். மைனரை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ்தான் 1959 இல் மினியையும் செய்தார். அதற்குள்ளும் அதே வரிசை எஞ்சின். இங்கிலாந்தில் 1950களிலேயே ஷொரொக் என்ற பெயரில் இந்த எஞ்சின்களுக்குச் சுப்பர்சார்ஜர் விற்றார்கள். இப்போது புதிய மினி கூப்பர் எஸ் காரில் 2000களில் வந்த ஈட்டன் எம்45 ஐக் கழற்றிப் பழைய எஞ்சினில் பூட்டுகிறார்கள். இன்னும் சிறிதான, ஜப்பான் கெய் கார்களில் வந்த ஏஎம்ஆர்500 ஐயும் பூட்டுகிறார்கள். கிராங்கிலிருந்து ஒரு பெல்ட், அது சுற்றுகிற இரண்டு சுழலி, காபரேற்றருக்கு ஒரு புதிய இடம். உடம்பில் எதையும் வெட்டத் தேவையில்லை. பிடிக்காவிட்டால் கழற்றி வைத்துவிட்டுப் பழையபடி ஓடலாம். இந்தக் கடைசி விடயம் உண்மையிலேயே பெரிய நன்மை. எஞ்சின் மாற்றுகிறவனுக்கு அந்த வசதி கிடையாது. சன்னி எஞ்சினுக்குத் தாங்கிகள் புதிதாக அடிக்க வேண்டும், கியர்ப் பெட்டி போகிற மேடையைத் தட்டி அகலமாக்க வேண்டும், புரொப்பெலர் ஷாஃப்ட் வெட்டி ஒட்ட வேண்டும், ஒயில் சட்டி ஸ்டியரிங் ராக்கில் முட்டாமல் பார்க்க வேண்டும்.

ஆனாலும் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு சனிக்கிழமை பின்னேரம் அவனையே பேனையும் கொப்பியுமாக இருத்தி அதைச் செய்ய வைத்தேன். 6 இறாத்தல் அமுக்கம் கூட்டினால் எஞ்சினுக்குள் போகிற காற்று வளிமண்டலத்தைப் போல 1.4 மடங்கு அமுக்கத்தில் போகும். ஆகவே சக்தியும் 40 வீதம் கூடும் என்றான். சரி, காற்றை அமுக்கினால் வேறு என்ன நடக்கும் என்று கேட்டேன். சைக்கிள் பம்பின் நுனியைத் தொட்டுப் பார்த்த எவருக்கும் விடை தெரியும். நம்முடைய சித்திரை மத்தியானம் 35 பாகை என்று வைத்து, இந்த வகைச் சுப்பர்சார்ஜரின் வினைத்திறன் பாதிக்குக் கிட்ட என்று எடுத்துக் கணக்குப் பார்த்தால், காற்று வெளியே வரும்போது ஏறத்தாழ 95 பாகை. சூடான காற்று ஐதான காற்று. கடைசியில் உள்ளே போகிற காற்றின் திணிவு கூடுவது 20 வீதத்துக்கும் குறைவு. அதிலிருந்து பெல்ட்டைச் சுற்றுவதற்கு எஞ்சின் கொடுக்கிற சக்தியையும் கழிக்க வேண்டும். இன்டர்கூலர் போடலாம் என்றான். போடலாம்தான். அதற்கு மைனரின் மூக்குக்குள் இடம் தேட வேண்டும், அது ரேடியேற்றருக்குப் போகிற காற்றை மறிக்காமலும் இருக்க வேண்டும். குளிரான ஊர்க்காரர் எழுதிய எண்களை வவுனியாவுக்கு அப்படியே கொண்டுவர முடியாது.

அடுத்தது, 948 எஞ்சினின் கிராங் மூன்றே மூன்று மெயின் பெயாரிங்கில் இருக்கிறது. சுருக்க விகிதம் 8.3. அதற்கு மேல் இந்த அமுக்கமும் சேர்ந்தால், தீப்பொறி விழுகிற நேரத்தைப் பின்தள்ள வேண்டும், இல்லாவிட்டால் எஞ்சின் தட்டும். 92 பெற்றோலை விட்டு 95 க்குப் போக வேண்டி வரும். டவுனில் எங்கள் காரை எப்போதும் பார்க்கிற அண்ணை ஒருவர் இருக்கிறார். அவரிடம் கேட்டேன். சிரித்துக்கொண்டே சொன்னார்: "சேர், பூட்டித் தாறன். அது பெரிய வேலையில்லை. பூட்டினாப்பிறகு உங்களுக்கு ஒவ்வொரு முறையும் ரியூன் பண்ணித் தர இஞ்ச ஆர் இருக்கினம்? நான் இல்லாத நேரம் மடுச் சந்தியில நிண்டால் ஆரைக் கூப்பிடுவியள்?"

அதைவிடப் பெரிய விடயத்தை மருமகன் பார்க்கவே இல்லை. இந்த எஞ்சின் தேய்ந்த எஞ்சின். தேய்ந்த எஞ்சினுக்குள் அமுக்கிய காற்றை அடித்தால் அது பிஸ்டனைத் தாண்டிக் கீழே ஒயில் சட்டிக்குத்தான் போகும். ஆகவே முதலில் போர் அடித்து, பிஸ்டன் மாற்றி, கிராங் கடைந்து, புதுப் பெயாரிங் போட வேண்டும். அத்தனையும் செய்தால் எஞ்சின் புதிது போல ஓடும். புதிது போல ஓடுகிற எஞ்சினுக்குப் பிறகு எதற்குச் சுப்பர்சார்ஜர்? உம்மாவைக் கிளினிக்குக் கொண்டுபோகவா?

சுப்பர்சார்ஜர் அதோடு விழுந்தது. ஆனால் கேள்வி வேறு வடிவத்தில் திரும்பி வந்தது: பழைய எஞ்சினைத் திருத்துவதா, சன்னி போடுவதா?

சன்னிக்காக நானா சொன்னது எதுவும் பிழையில்லை. ஏ14 என்பது 1397 சிசி, ஐந்து மெயின் பெயாரிங், தலை அலுமினியம். 1977 இல் இறக்குமதி திறந்துவிட்ட பிறகு ஜப்பான் கார்கள் வந்து குவிந்தன, அதில் சன்னியும் ஒன்று. அதனால் பஞ்சிகாவத்தையில் அதற்குச் சாமான் தேடி அலைய வேண்டியதில்லை, அதைத் திருத்தத் தெரியாத மெக்கானிக்கும் இல்லை. மைனருக்குள் சன்னி எஞ்சின் போடுவது இலங்கையில் புதுக் கதையும் இல்லை. அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் இதைத்தான் செய்கிறார்கள். இந்தியாவில் கொம்பனியே இதைச் செய்திருக்கிறது: அம்பாசடர் என்பது பழைய மொரிஸ் ஒக்ஸ்போர்ட் கார்தானே, அதற்குள் 1990களில் 1.8 லீற்றர் இசுசு எஞ்சினையும் ஐந்து கியரையும் வைத்து விற்றார்கள். அந்த உடம்பு 2014 வரை தொழிற்சாலையிலிருந்து வந்துகொண்டிருந்தது.

மறுபக்கம், மைனரை மைனராகவே வைத்திருப்பதற்கும் இலங்கைக்குப் பெயர் இருக்கிறது. 1990களில் இங்கிலாந்துக்காரர் ஒருவர், பாத் நகரில் மைனர் கராஜ் வைத்திருந்த சார்ள்ஸ் வெயார், மைனர் உதிரிப்பாகங்களை இங்கே செய்விக்க வந்தார். நம் நாட்டில் தட்டி வளைத்த தகடு, கார் பிறந்த நாட்டுக்கே ஏற்றுமதியானது. இறக்குமதிக்குத் தடை போட்ட காலத்தில் பழையதைத் தூக்கிப் போட வழியில்லாமல் கற்றுக்கொண்ட கைகள் அவை.

எங்கள் பக்கத்துக் கதை இன்னும் கடுமை. 1990 க்குப் பிறகு வடக்குக்குப் பெற்றோல் போகாமல் நின்றபோது யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் ஒஸ்டின்களும் மைனர்களும் மண்ணெண்ணெயில் ஓடின. கொஞ்சம் பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடாகியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். சுருக்கம் குறைந்த பழைய எஞ்சின் என்பதால்தான் அது பொறுத்தது. 2022 ஆனியில் 92 பெற்றோல் 470 ரூபாவுக்குப் போய், கியூவில் இரவிரவாகப் படுத்துக் கிடந்தபோது இந்தக் கதையை எத்தனை பேர் திரும்பச் சொன்னார்கள் என்று நினைத்துப் பாருங்கள். ஆகவே பழைய எஞ்சினைக் கழற்றுவதென்றால் எனக்கும் கை பின்னுக்குத்தான் இழுத்தது. அது எங்கள் வாப்பா ஓட்டிய எஞ்சின், அந்தச் சத்தம் வாசலில் கேட்டால்தான் நாங்கள் சின்ன வயதில் படுப்போம்.

வாப்பாவிடம் இதைக் கேட்க வேண்டுமே. ஒரு இஷாவுக்குப் பிறகு முற்றத்தில் கதிரை போட்டு இருந்தார். இரண்டு பக்கத்தையும் சொன்னேன். "அசல் எஞ்சினை எடுக்க மனசில்ல வாப்பா" என்றும் சொன்னேன். அவருக்குக் காது மந்தம். இரண்டாம் தரம் சொன்ன பிறகு எழும்பி உள்ளே போய், அலுமாரியிலிருந்து காரின் பதிவுப் புத்தகத்தை எடுத்து வந்து என் மடியில் போட்டார்.

"எஞ்சின் நம்பரப் பாரு."

பழைய நம்பர் வெட்டி, புது நம்பர் எழுதி, முத்திரை குத்தியிருந்தது. 1996.

முன்னைய எஞ்சினின் புளொக் வெடித்து விட்டதாம். பஞ்சிகாவத்தைக்குப் போய், உடைத்துப் போட்ட ஒஸ்டின் ஏ35 ஒன்றின் எஞ்சினை வாங்கி லொறியில் ஏற்றிக் கொண்டுவந்து பூட்டியிருக்கிறார். அதுவும் 948 சிசி, அதே வரிசை, அதனால் அப்படியே உட்கார்ந்துவிட்டது. எனக்கு அப்போது சின்ன வயது. நான் காது கொடுத்துப் படுத்த சத்தம் ஒஸ்டினின் சத்தம்.

"எஞ்சின் தேஞ்சா மாத்துறதுதானே வாப்பா. ஹயர்க்காரன் எஞ்சின வெச்சா சோறு திண்ணுவான்? வண்டி ஓடணும்" என்றார். பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பிரேக்கப் பார்த்தியா?" என்று கேட்டார்.

நானாவும் மருமகனும் நானும் இரண்டு மாதம் அடித்துக்கொண்ட விவாதத்தில் யாரும் கேட்காத கேள்வி அது. 948 சிசி மைனருக்கு முன்னால் 7 அங்குல ட்ரம் பிரேக். 37 குதிரைவலுவுக்கு அளந்து வைத்தது. சன்னியோ சுப்பர்சார்ஜரோ, இரண்டில் எது போட்டாலும் மன்னார் வீதியில் மாடு குறுக்கே வந்தால் நிற்பாட்டப் போவது அந்த 7 அங்குலம்தான். பிரேக்கின் மாஸ்டர் சிலிண்டர் சாரதியின் காலுக்குக் கீழே அடிச்சட்டத்துக்குள் ஒளிந்திருக்கிறது, அதனால் கஷ்டப்பட்டு யாரும் பார்ப்பதில்லை. முன் சில்லைத் தாங்குகிற ட்ரனியன் என்ற மரை போட்ட மூட்டு இன்னொரு ஆபத்து. கிரீஸ் அடிக்காமல் விட்டு மரை தேய்ந்தால் சில்லு மடங்கிக் கார் மூக்குக் குத்தி விழும். வாப்பா ஹயர் ஓடிய காலமெல்லாம் வெள்ளிக்கிழமை காலையில் கிரீஸ் கண்ணோடு காருக்குக் கீழே கிடந்ததன் காரணம் இப்போதுதான் எனக்கு விளங்கியது.

ஆகவே முடிவு இது. ஏ14 எஞ்சினும் ஐந்து கியர்ப் பெட்டியும் போடுகிறோம். காபரேற்றரோடு உள்ளது உள்ளபடியே, கூர்மையாக்குகிற எந்த வேலையும் இல்லை. பின் அச்சுக்கு அந்தளவு முறுக்கமே அதிகம், இன்னும் கூட்டினால் உள்ளே உள்ள ஷாஃப்ட் முறியும். ஆனால் எஞ்சின் வாங்க முன்னர் நானாவின் காசில் முதற்பங்கு முன் மூட்டுகளுக்கும் பிரேக்குக்கும் போகிறது. நானாவுக்கு இதில் கொஞ்சம் மனவருத்தம். பிரேக்கைப் படம் எடுத்து அனுப்பினால் டோஹாவில் யாருக்குக் காட்டுவது என்கிறார்.

இதே வேலையை யோசிக்கிற ஆட்களுக்கு ஒன்று. எஞ்சின் வாங்கும்போது அதன் இலக்கத்துக்கும் விற்கிறவனின் பெயருக்கும் பற்றுச்சீட்டு இல்லாமல் வாங்காதீர்கள். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் எஞ்சின் இலக்கத்தை மாற்றிப் பதியாவிட்டால், நாளைக்கு ஒரு விபத்து என்றால் இன்சூரன்ஸ்காரன் முதலில் பார்ப்பது அதைத்தான். வாப்பா 1996 இல், இந்த ஊர் இருந்த இருப்பில், அதைச் செய்து வைத்திருக்கிறார்.

மருமகன் மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை. நாலாம் நாள் வந்து, கழற்றுகிற ஒஸ்டின் எஞ்சினைத் தனக்குத் தரச் சொன்னான். மாட்டுக் கொட்டிலில் இரும்புச் சட்டம் ஒன்று அடித்து அதில் ஏற்றி, முழுதாகக் கழற்றிப் பூட்டப் போகிறானாம். சுப்பர்சார்ஜரும் பூட்டுவானாம். பூட்டட்டும். வெளிவருகிற காற்றுக்கு வெப்பமானி ஒன்று வைக்கச் சொல்லியிருக்கிறேன், கொப்பியில் போட்ட 95 பாகை சரியா என்று பார்க்க.

கடைசியாக ஒரு உதவி. 1098 சிசி மைனரின் முன் பிரேக் 8 அங்குலம், அது எங்கள் காருக்கும் வரும். உங்களில் யாருடைய வீட்டுக் கொட்டிலிலாவது, கிணற்றடியிலாவது, உடைந்த 1098 ஒன்று கிடந்தால் அதன் முன் ட்ரம்மும் பின்தட்டும் சோடியாக வேண்டும். துருப்பிடித்திருந்தாலும் பரவாயில்லை, வெடிப்பு இல்லாமல் இருந்தால் போதும். உள்பெட்டியில் சொல்லுங்கள், பாடசாலை விட்ட பிறகு நானே வந்து கழற்றிக்கொள்கிறேன்.