81 முதல் 96 வரை

புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தபோது அந்தப் பெண்ணின் முகத்தில் துளிக் குறும்பு இல்லை. இருந்திருந்தால் எப்படியோ சமாளித்திருப்பேன்.

"ஆன்ட்டி, இதுல எண்பதாம் பக்கத்துக்கு அப்புறம் மறுபடியும் அறுபத்தஞ்சு வருது. அதுக்கப்புறம் நேரா தொண்ணூத்தேழு. அந்தப் பையன் வீட்டைவிட்டுப் போனான்ல, எப்படித் திரும்பி வந்தான்?"

கதையைத்தான் கேட்டாள். என்னைக் கேட்கவில்லை. 14 வயது. அடையாறு காந்தி நகரிலிருந்து சனிக்கிழமைதோறும் மந்தைவெளியில் எங்கள் குடியிருப்பின் மொட்டை மாடிக்கு வருவாள். அங்கே பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளோடு நான் நடத்தும் வாசிப்பு வட்டத்துக்கு. வழியில் மெட்ரோவுக்காகத் தோண்டிப் போட்டதிலிருந்து ஆட்டோ சுற்றிச் சுற்றி வருகிறது, ஆனாலும் அவள் தவறியதில்லை.

அச்சுத் தொழில் தெரிந்தவர்களுக்கு இது பெரிய அதிசயமில்லை. பதினாறு பக்கம் ஒரு ஃபாரம். பைண்டிங்கில் ஃபாரங்களை வரிசையாக அடுக்கும்போது கை தவறி ஒன்றையே இரண்டு முறை எடுத்துவிட்டால் அடுத்தது விட்டுப்போகும். 65 முதல் 80 வரை இரண்டு தடவை வந்தது, 81 முதல் 96 வரை காணாமல் போனது. கடையில் கொண்டுபோய்க் காட்டினால் மறுபேச்சில்லாமல் வேறு பிரதி கொடுப்பார்கள். ஆனால் அது கடையில் வாங்கிய பிரதி இல்லை. மதிப்புரைக்கென்று எனக்கு வந்தது. முதல் பக்கத்தில் என் கையெழுத்தும் தேதியும் இருக்கின்றன. அந்த நாவலைப் பாராட்டி ஒரு சிற்றிதழில் நான் எழுதியது அச்சாகி ஐந்து மாதம் ஆகியிருந்தது. அதில் இப்படி ஒரு வரி: ஆங்காங்கே தென்படும் அச்சுப்பிழைகளை அடுத்த பதிப்பில் களைந்துவிட்டால் நூல் இன்னும் சிறக்கும்.

"நான் வேற காப்பில படிச்சேன்மா" என்றேன்.

"ஓ" என்றாள். கையிலிருந்த புத்தகத்தை ஒருமுறை விசிறினாள். பென்சிலால் கோடு போட்டுப் படிப்பது என் வழக்கம் என்று அந்த வட்டத்தில் எல்லாருக்கும் தெரியும், நானே பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். இந்தப் புத்தகத்தில் கோடுகள் 38-ஆம் பக்கத்தோடு நின்றிருந்தன. அவள் அதைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். சுண்டல் எடுக்கப் போய்விட்டாள்.

அன்றிரவு உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். காப்பீட்டு அலுவலகத்திலிருந்து விருப்ப ஓய்வு பெற்ற பிறகு, ஆறு வருஷத்தில், பதின்பருவத்தினருக்கான தமிழ்ப் புத்தகங்களைப் பற்றி எழுபது சொச்சம் மதிப்புரை எழுதியிருக்கிறேன். முழுசாகப் படித்தவை முப்பதைத் தாண்டாது.

எப்படி எழுத முடிந்தது என்று கேட்பீர்கள். ரொம்ப சுலபம். 'மதிப்புரைக்கு இரண்டு பிரதிகள் அனுப்பவும்' என்று பத்திரிகைகள் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒன்று அலுவலகத்துக்கு, ஒன்று எழுதுகிறவருக்கு. வந்ததும் முதலில் அணிந்துரையைப் படிப்பேன், கதைச் சுருக்கம் பெரும்பாலும் அதிலேயே கிடைத்துவிடும். பிறகு முதல் இரண்டு அத்தியாயம், கடைசி அத்தியாயம், நடுவில் பிரித்த இடத்தில் ஒரு பக்கம். அந்த ஒரு பக்கத்திலிருந்து ஒரு காட்சியை எடுத்து விவரித்துவிட்டால் முழுசாகப் படித்த தோற்றம் வந்துவிடும். முடிக்கும்போது 'ஒவ்வொரு வீட்டிலும் இருக்க வேண்டிய நூல்.' இதற்கெல்லாம் உச்சம் அந்த அச்சுப்பிழை வரிதான். எழுத்தெண்ணிப் படித்திருக்கிறார் என்று வாசகர் நினைப்பார். தமிழில் அச்சுப்பிழை இல்லாத புத்தகம் அபூர்வம் என்பதால் பொய்யாகவும் ஆகாது. படிக்காமலே எழுதக்கூடிய குறை அது ஒன்றுதான்.

நேரமில்லை என்று சொல்லித் தப்பிக்க முடியாது. நேரம் இருந்தது. 'ஹங்கர் கேம்ஸ்' மூன்று பாகத்தையும் ஒரே வாரத்தில், ராத்திரி இரண்டு மணி வரை விளக்கைப் போட்டுக்கொண்டு, வீட்டுக்காரர் திட்டத் திட்டப் படித்தேன். புற்றுநோய் வந்த இரண்டு பிள்ளைகளின் காதலைச் சொல்லும் ஜான் கிரீன் நாவலை எலியட்ஸ் பீச்சில் உட்கார்ந்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். ஆங்கிலத்தில் முப்பது பக்கத்துக்குள் பிடிக்கவில்லையென்றால் தூக்கிப் போட்டுவிட்டு, பிடிக்கவில்லை என்று சொல்லவும் செய்வேன். தமிழ்ப் புத்தகம் முப்பது பக்கத்தில் சலித்தால்? தூக்கிப் போடுவேன், பாராட்டி எழுதுவேன். 'தமிழில் இப்படி வருவதே பெரிசு, நாமே குறை சொன்னால் எப்படி' என்று ஒரு நியாயம் வைத்திருந்தேன். அந்த நியாயத்தை இப்போது எடுத்துப் பார்த்தால், கோயில் வாசலில் சில்லறை போடுகிறவரின் முகம் தெரிகிறது. தட்டில் விழுந்த சத்தம் கேட்டதும் நடையைக் கட்டுகிறவர்.

மேடையில் பேசியதையும் சொல்லிவிடுகிறேன். நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. புத்தகக் காட்சி சமயத்தில் எங்கேயாவது பேசக் கூப்பிடுவார்கள். நான் தவறாமல் இரண்டு செய்தி சொல்வேன். அமெரிக்காவில் இளையோர் நாவல் என்ற வகைக்கே அடிபோட்டதாகச் சொல்லப்படும் 'தி அவுட்சைடர்ஸ்' 1967-இல் வந்தது, எஸ்.இ. ஹிண்டன் அதை எழுத ஆரம்பித்தபோது அவருக்கு 15 வயது. இது ஒன்று. அதற்கும் முன்னாலேயே, நம் மயிலாப்பூர் கலைமகள் நிறுவனத்திலிருந்து ஆர்வி ஆசிரியராக இருந்து வந்த 'கண்ணன்' பத்திரிகையின் போட்டிக்குப் பதின்வயதுப் பெண் ஒருத்தி சாகச நாவல் எழுதிப் பரிசு வாங்கினாள். 'நந்திமலைச் சாரலிலே' என்ற அந்த நாவலை எழுதியவர்தான் பிற்பாடு அம்பை. இது இரண்டு. கைதட்டல் நிச்சயம். "பார்த்தீர்களா, நாம் யாருக்கும் பின்தங்கியவர்கள் இல்லை" என்று கையை வேறு உயர்த்துவேன். 'நந்திமலைச் சாரலிலே'யை நான் படித்ததில்லை. அட்டையைக்கூடப் பார்த்ததில்லை. ஒருமுறை கூட்டம் முடிந்து ஒரு பையன் அது எங்கே கிடைக்கும் என்று கேட்டான். "தேடணும்பா" என்றேன். தேடினேனா? இல்லை.

படித்த புத்தகங்களிடமும் யோக்கியமாக நடந்துகொண்டேன் என்று சொல்ல முடியாது. யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' 2020-க்கான பால சாகித்திய புரஸ்காரம் பெற்றது. அதை ஒரே மூச்சில் படித்தேன். பொம்மை பேசுவதும், அந்தப் பெண்குழந்தைக்கு நடப்பதை யாரிடமும் சொல்ல முடியாமல் இருப்பதும் எனக்குத் தொண்டையை அடைத்தது. எழுதும்போது என்ன எழுதினேன்? 'பாலியல் தொல்லை குறித்த விழிப்புணர்வு நூல், பெற்றோர்கள் வாங்கிக் கொடுக்கலாம்.' சுகாதார மையச் சுவரில் ஒட்டும் நோட்டீஸைப் போல. கீழடி மண்ணுக்குள் ஒரு பையனை அழைத்துப்போகும் உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை'க்கும் இதே கதிதான், 'வரலாற்று அறிவை வளர்க்கும்' என்று முத்திரை குத்தி அனுப்பினேன். இரண்டும் கதைகள், படித்தால் தூக்கம் கெடும் என்ற விஷயத்தை நான் யாருக்கும் சொல்லவே இல்லை.

காரணம், நான் எழுதியது பிள்ளைகளுக்கு இல்லை. அம்மாக்களுக்கு. வாசிப்பு வட்டத்துக்கு வாட்ஸ்அப் குழு உண்டு, அதில் இருப்பதெல்லாம் அம்மாக்கள். "ஏதாவது உருப்படியா சொல்லுங்க மேடம், தமிழும் வரணும், மாரலும் இருக்கணும்" என்பார்கள். காதல் இருக்கக் கூடாது, சாவு இருந்தால் தாத்தாவோ பாட்டியோ சாகலாம், சாதி வேண்டாம். அவர்கள் இதையெல்லாம் பட்டியல் போட்டுச் சொன்னதில்லை. சொல்லாமலே எனக்குத் தெரிந்திருந்தது, சொல்வதற்கு முன்பே கத்தரித்துவிடுவேன்.

அப்படிக் கத்தரித்ததில் ஒன்று பூமணியின் 'வெக்கை'. 1982-இல் வந்த நாவல். பதினைந்து வயதுப் பையன் ஒருவன் ஆளை வெட்டிவிட்டு ஓடுவதில் ஆரம்பிக்கிறது. அதற்கப்புறம் அப்பாவும் பிள்ளையும் காடு மேடாக ஒளிந்து திரிகிறார்கள், பேசிக்கொள்கிறார்கள், கிடைத்ததை ஆக்கித் தின்கிறார்கள். 2019-இல் 'அசுரன்' ஆனபோது அப்பாதான் கதாநாயகன். நாவலில் நம்மோடு வருவது பிள்ளையின் கண்கள். தமிழில் பதினைந்து வயதின் உள்ளே போய் உட்கார்ந்துகொண்ட நாவல்கள் என்று யாராவது என்னைக் கேட்டால் முதலில் இதைச் சொல்வேன். அடுத்து அசோகமித்திரனின் '18வது அட்சக்கோடு'. சுதந்திரத்தை ஒட்டிய நாட்களில் கிரிக்கெட்டும் கல்லூரியுமாகச் செகந்திராபாத்தில் அலையும் சந்திரசேகரன். தி. நகரில் நாம் குறுக்கே நடந்துபோகும் நடேசன் பூங்காவில் உட்கார்ந்து எழுதியவர் அவர். யாராவது கேட்டால்தானே? பிள்ளைகள் கேட்டார்கள். "கொஞ்சம் சீரியஸா ஏதாவது கொடுங்க ஆன்ட்டி" என்று வாய்விட்டே கேட்டார்கள். நான் தாத்தா சாகிற கதை கொடுத்தேன்.

எனக்குப் பதினைந்து வயதில் யாரும் எதையும் பரிந்துரைத்ததில்லை. 1985. லாயிட்ஸ் ரோடு ஈஸ்வரி மாதிரி பெரிய லெண்டிங் லைப்ரரி போக எனக்கு அனுமதியில்லை. எங்கள் தெருவிலேயே ஒருவர் வீட்டு முன்னறையில் வாடகைக்குப் புத்தகம் கொடுத்தார். அலமாரிகளில் என்ன இருந்தது என்று இன்று ஞாபகமில்லை, ஏனென்றால் அலமாரிப் பக்கம் யாரும் போனதில்லை. அன்றைக்குத் திரும்பி வந்த புத்தகங்களை மேசையில் அடுக்கியிருப்பார். அந்த அடுக்கைத்தான் எல்லாரும் மொய்ப்போம். அட்டை பிய்ந்து, நடு ஃபாரம் தொங்கி, எண்ணெய்க் கறையோடு இருந்தால் அது நிச்சயம் நல்ல புத்தகம். சுஜாதாவெல்லாம் எப்போதும் அந்த நிலையில்தான் இருப்பார். என் வகுப்பில் பாதிப் பேர் அவர் கதைகளில் வரும் வசந்த்தைக் கல்யாணம் செய்துகொள்ளத் தயாராக இருந்தோம். அந்த மனிதர் அட்டையைப் பார்த்து நோட்டில் நம்பர் எழுதுவார், இருபத்தைந்து பைசா வாங்குவார். இது உனக்கு எதற்கு என்று ஒருநாளும் கேட்டதில்லை. உனக்கு ஏற்றது இது என்றும் சொன்னதில்லை.

சரி, அந்த நாவலுக்கு வருகிறேன். அடுத்த வாரமே தி. நகர் போய்க் காசு கொடுத்து ஒரு பிரதி வாங்கினேன். இரண்டாம் அச்சு வந்திருந்தது. பின்னட்டையில் என் பெயரோடு என் வரி: ஒவ்வொரு வீட்டிலும் இருக்க வேண்டிய நூல். பாண்டி பஜாரில், நடைபாதையை அகலப்படுத்திப் போட்டிருக்கும் பெஞ்சு ஒன்றில் உட்கார்ந்து 81-ஐப் பிரித்தேன். முதலிலிருந்து படிக்க வேண்டும் என்று புத்தி சொன்னது. கை அங்கேதான் போயிற்று. பையன் எப்படித் திரும்பி வந்தான் என்று தெரிய வேண்டுமே. ரயில் நிலையத்தில் ஒரு நல்ல போலீஸ்காரர் பார்த்து, டீ வாங்கிக் கொடுத்து, பெற்றோரின் அருமை பற்றி நான்கு பக்கம் பேசி அனுப்பிவைக்கிறார். அவ்வளவுதான். பிறகு முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை படித்தேன். அந்தப் பதினாறு பக்கம் இல்லாமல் போனதில் கதைக்கு எந்த நஷ்டமும் இல்லை. இதை நான் ஐந்து மாதம் முன்பே எழுதியிருக்க வேண்டும். எழுதியிருந்தால் அந்த ஆசிரியர் அடுத்த நாவலில் போலீஸ்காரரையாவது வாயை மூடச் சொல்லியிருப்பார். இப்போது அவருடைய அடுத்த நாவலும் வந்துவிட்டது. இரண்டு பிரதிகள்.

சனிக்கிழமை அவளிடம் போலீஸ்காரர் கதையைச் சொன்னேன். முகத்தைச் சுளித்தாள். "நான் அப்ப படிக்கல. நேத்துதான் படிச்சேன். வேற காப்பின்னு சொன்னது பொய்" என்றேன். பெரிய மனுஷி போலத் தலையாட்டினாள். "தெரியும் ஆன்ட்டி" என்றாள். மற்ற பிள்ளைகளுக்கு நடுவில் இதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை, படிக்கட்டில் வைத்துத்தான் சொன்னேன். அந்தப் பத்திரிகைக்கு இன்னும் சொல்லவில்லை. நாவலாசிரியருக்கும் சொல்லவில்லை.

என் 'வெக்கை' பிரதியை அவளிடம் கொடுத்தேன். வாங்கியவுடன் கடைசிப் பக்கங்களைத் திருப்பி, பென்சில் கோடு இருக்கிறதா என்று பார்த்தாள். இருந்தது. பையில் போட்டுக்கொண்டாள். அவள் அம்மாவிடம் நான் ஃபோன் செய்து சொல்லியிருக்க வேண்டும். அதையும் செய்யவில்லை.

இரண்டு வாரம் கழித்து வந்தாள். "முப்பதாவது பக்கத்துலயே நிக்கறேன் ஆன்ட்டி. அந்த ஊர் பேச்சு எனக்குப் புரியல, ஆனா விடவும் முடியல" என்றாள், ஒரு கூச்சமும் இல்லாமல். புத்தகத்தைப் பிரித்து ஒரு சொல்லின் மேல் விரலை வைத்து, இதுக்கு என்ன அர்த்தம் என்று கேட்டாள். அந்தச் சொல்லுக்கு அடியில் நான்தான் கோடு போட்டிருந்தேன். எத்தனை யோசித்தும் ஞாபகம் வரவில்லை.

"தெரியலயே" என்றேன்.