வாரகம்பா முதல் ஹரிஸ் பார்க் குழாய் வரை

சிட்னியின் ஹரிஸ் பார்க்குக்குப் புதிதாகக் குடிவரும் தமிழர்கள் கேட்கும் முதல் சில கேள்விகளில் ஒன்று, இங்கே குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாமா என்பது. முன்பே வந்தவர்கள் "தாராளமாகக் குடிக்கலாம்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். கேட்டவருக்கு மனம் ஒப்பாது. கேன் தண்ணீரிலும் ஆர்.ஓ. இயந்திரத்திலும் வளர்ந்தவர், கிணற்று நீரைக் காய்ச்சிக் குடித்து வளர்ந்தவர், குழாயைத் திறந்து டம்ளரை நீட்டுவதற்குத் தயங்குவதில் வியப்பில்லை. அந்தத் தயக்கத்தைப் பட்டிக்காட்டுப் பயம் என்று ஒதுக்குவது சரியில்லை. சந்தேகம் நியாயமானதுதான், ஆனால் அது தவறான இடத்தில் நிற்கிறது. இந்தத் தண்ணீர் பிறக்கும் மலையிலிருந்து சமையலறை வரை வரும் வழியை முழுதாகப் பின்தொடர்ந்தால், எந்த இடத்தில் கவலைப்பட வேண்டும், எந்த இடத்தில் வேண்டாம் என்பது தெளிவாகிவிடும்.

வழி தொடங்குவது மேற்கிலும் தெற்கிலும், நகரத்தின் கண்ணுக்கு எட்டாத தொலைவில். லித்கோ பக்கத்து மலைகளில் காக்ஸ் ஆறு புறப்படுகிறது. குருக்வெல் மேட்டுநிலத்தில் பிறக்கும் வொலண்டிலி ஆறு கவுல்பர்ன் நகரைக் கடந்து வடக்கே திரும்புகிறது. கவ்மங், நட்டை, விங்கிகாரிபி ஆறுகளின் நீரும் வந்து சேர, பர்ரகொராங் ஏரி நிறைகிறது. இந்த நீர்ப்பிடிப்புப் பகுதியின் பரப்பு சுமார் 9,050 சதுர கிலோமீட்டர். ஏரியைச் சுற்றி 3 கிலோமீட்டர் வரை பொதுமக்கள் நுழையத் தடை. கரையில் கூடாரம் அடிக்கவோ படகு விடவோ முடியாது. காடு அப்படியே நிற்பதுதான் இந்த நீருக்குக் கிடைக்கும் முதல் சுத்திகரிப்பு. ஆனால் அந்தத் தடைக்கு வெளியே ஊர்கள் இருக்கின்றன, கழிவுநீர் நிலையங்கள் இருக்கின்றன, மாட்டுப் பண்ணைகளும் நிலக்கரிச் சுரங்கங்களும் இருக்கின்றன. சிட்னியின் நீர்ப்பிடிப்பில் எந்தப் புதிய திட்டமும் தண்ணீரின் தரத்தைக் குறைக்கக் கூடாது என்பது சட்டம். அந்த அளவுகோலில் ஸ்பிரிங்வேல் சுரங்க விரிவாக்கத்தின் அனுமதி தேறவில்லை என்று 2017 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு அக்டோபரில் மாநில நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி அந்தச் சுரங்கத்தைத் தொடர வைத்தது. குழாய்த் தண்ணீர் நல்லதா என்று கேட்பவர்கள் முதலில் கவனிக்க வேண்டிய செய்தி இது. தண்ணீரைக் காக்கும் விதி எழுத்தில் இருப்பது மட்டும் போதாது. அதை வளைக்கும்போது யாராவது கேட்க வேண்டும்.

ஆறுகளின் முடிவில் வாரகம்பா அணை நிற்கிறது. 1960-இல் திறக்கப்பட்ட இதன் உயரம் 142 மீட்டர். சிட்னியின் தண்ணீரில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு இங்கிருந்துதான் வருகிறது. கொள்ளளவை நம் கணக்கில் சொன்னால் சுமார் 72 டி.எம்.சி.; மேட்டூரின் 93.47 டி.எம்.சி.யில் முக்கால் பங்கு. சென்னையின் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கையும் கூட்டினாலும் 11 டி.எம்.சி.யைச் சற்றே தாண்டும். இந்த ஏரிக்காகப் பர்ரகொராங் பள்ளத்தாக்கு மூழ்கியது. அங்கே வாழ்ந்த கண்டங்கரா மக்களும் குடியேறிகளும் இடம்பெயர்ந்தார்கள். அணையின் பருமனைவிட, அதன் மதகுகள் வெவ்வேறு ஆழங்களில் அமைந்திருப்பது தரத்துக்கு முக்கியம். ஏரி முழுவதும் ஒரே தண்ணீர் கிடையாது. வெள்ளம் கொண்டுவரும் குளிர்ந்த கலங்கல் ஒரு அடுக்காக உள்ளே நகரும். அதற்கு மேலேயோ கீழேயோ தெளிந்த நீர் இருக்கும். எந்த ஆழத்தில் எடுப்பது என்பதை அளவீடுகளைப் பார்த்து மாற்றுகிறார்கள். 2019-20 கோடையில் ஏரியைச் சூழ்ந்த காட்டின் பெரும்பகுதி எரிந்தது. அடுத்த மழையில் சாம்பல் முழுவதும் நீரில் இறங்கும் என்று அஞ்சி, ஏரிக்குள் மிதக்கும் தடுப்புகளையும் வண்டல் திரைகளையும் கட்டினார்கள். 2020 பிப்ரவரியில் மழை கொட்டியது. நாற்பது விழுக்காட்டைச் சற்றே தாண்டியிருந்த நீர் இருப்பு சில நாட்களில் எண்பதை ஒட்டி ஏறியது. குழாய்த் தண்ணீர் குடிக்கத் தக்கதாகவே இருந்தது.

வாரகம்பாவிலிருந்து இரண்டு பெருங்குழாய்கள் 27 கிலோமீட்டர் கிழக்கே ஓடி பிராஸ்பெக்டை அடைகின்றன. 1888-இல் கட்டி முடித்த பழைய நீர்த்தேக்கத்தின் பக்கத்தில் 1996-இல் வந்த சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. நாளொன்றுக்கு 300 கோடி லிட்டர் வரை வடிகட்டும் திறன் கொண்டது. நீரில் மிதக்கும் நுண்ணிய துகள்களை வேதிப்பொருள் சேர்த்துத் திரள வைத்து, மணல் படுகைகளில் வடித்து, கிருமிநாசினியும் புளோரைடும் சேர்த்து அனுப்புகிறார்கள். சிட்னித் தண்ணீரில் புளோரைடு சேர்ப்பது 1968-இலிருந்து நடக்கிறது.

இந்த இடத்தில் ஒரு வலுவான ஆட்சேபம் எழும். இவ்வளவு பெரிய நிலையம் வந்து இரண்டே ஆண்டில் என்ன ஆயிற்று? 1998 ஜூலை இறுதியிலிருந்து செப்டம்பர் வரை, கிரிப்டோஸ்போரிடியம், ஜியார்டியா என்ற ஒட்டுண்ணிகள் சோதனையில் தென்பட்டதால், தண்ணீரைக் கொதிக்க வைத்தே குடிக்கும்படி மூன்று முறை எச்சரிக்கை விடுத்தார்கள். சுமார் 30 லட்சம் பேர் வீட்டில் அடுப்பேற்றிக் காய்ச்சினார்கள். கிரிப்டோஸ்போரிடியத்தைக் குளோரின் கொல்லாது. வடிகட்டியே தடுக்க வேண்டும். நீண்ட வறட்சிக்குப் பின் பெய்த கனமழை நீர்ப்பிடிப்பின் அழுக்கையெல்லாம் அணைக்குள் தள்ளியிருந்தது. வேடிக்கை என்னவென்றால், அந்த மாதங்களில் நகரத்தில் நோய் கூடியதாகத் தெரியவில்லை. பீட்டர் மெக்லெலன் தலைமையில் நடந்த விசாரணை, ஆய்வகத்தின் எண்ணிக்கை மீதே ஐயம் எழுப்பியது. நிர்வாகம் தகவலைக் கையாண்ட விதத்தையும் கடுமையாகச் சாடியது. அதன் விளைவாக 1999-இல், தண்ணீர் விற்கும் நிறுவனத்திடமிருந்து பிரித்து, நீர்ப்பிடிப்பைக் காக்கத் தனி ஆணையம் அமைந்தது. 2015-இல் அது வாட்டர் என்.எஸ்.டபிள்யூ. அமைப்புடன் இணைந்தது. 1998 நிகழ்வைக் காட்டி இந்தத் தண்ணீரை நம்பக் கூடாது என்பவர்கள் பாதிக் கதையைத்தான் சொல்கிறார்கள். தவறு வெளியே வந்தது, விசாரணை நடந்தது, பொறுப்பு மாறி அமைந்தது. மறு பாதி இது. தவறே செய்யாத குடிநீர் நிறுவனம் உலகில் எங்கும் இல்லை. தவறு ஏட்டில் ஏறுகிற ஊரா, மறைகிற ஊரா என்றுதான் பார்க்க வேண்டும்.

பிராஸ்பெக்டுக்கும் ஹரிஸ் பார்க்குக்கும் இடையே சுமார் பத்துக் கிலோமீட்டர். வென்ட்வொர்த்வில், முருகன் கோயில் இருக்கும் மேஸ் ஹில் என்று நம்மவர் பழகிய புறநகரங்கள் இந்த இடைவெளியில்தான் இருக்கின்றன. கண்ணுக்குத் தெரியாத இந்தப் பகுதியில்தான் சென்னைக்கும் சிட்னிக்கும் உள்ள பெரிய வேறுபாடு ஒளிந்திருக்கிறது. புழலிலும் செம்பரம்பாக்கத்திலும் சுத்திகரிப்பு நிலையங்கள் உண்டு. அங்கிருந்து வெளியேறும் நீர் தரக்குறைவானது என்று சொல்ல முடியாது. ஆனால் தெருக்குழாயில் தண்ணீர் சில மணி நேரமே வருகிறது. மற்ற நேரத்தில் குழாய் வெறுமையாகி அழுத்தம் இழக்கிறது. அப்போது பக்கத்துச் சாக்கடைக் கசிவை விரிசல் வழியே உள்ளே உறிஞ்சிக்கொள்கிறது. பிறகு வீட்டின் கீழ்நிலைத் தொட்டி, மோட்டார், மேல்நிலைத் தொட்டி என்று ஒவ்வொன்றும் தன் பங்குக்குப் பாசியும் கிருமியும் சேர்க்கிறது. சிட்னியில் குழாய் இருபத்து நான்கு மணி நேரமும் நிறைந்து, அழுத்தத்தோடு இருக்கிறது. விரிசல் விட்டால் தண்ணீர் வெளியேதான் பீறிடும். அழுக்கு உள்ளே வராது. போதாக்குறைக்கு, குளோரினோடு அமோனியா சேர்த்து உண்டாக்கும் குளோரமைன் நீரோடு கடைசி வரை பயணிக்கிறது. தனிக் குளோரினைவிட மெதுவாகவே கரைந்துபோகும் என்பதால் நீண்ட குழாய்களுக்கு ஏற்றது. அந்த லேசான மருந்து வாசனையை முகம் சுளித்துப் பேசுகிறோம். காவல் இருக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். டயாலிசிஸ் இயந்திரத்துக்கும் மீன் தொட்டிக்கும் மட்டும் அதை நீக்கியே ஆக வேண்டும்.

அடுத்த ஆட்சேபம் புதியது, கனமானது: பிஃபாஸ் எனப்படும் அழியா வேதிப்பொருட்கள். 2024-இல் பத்திரிகைகள் கேள்வி எழுப்பிய பிறகே சிட்னியின் அணைகளில் பரவலான சோதனை நடந்தது. ப்ளூ மவுண்டன்ஸின் மெட்லோ, கிரீவ்ஸ் கிரீக் அணைகளில் அளவு கூடுதலாக இருந்ததால், அந்த ஆகஸ்டில் இரண்டையும் விநியோகத்திலிருந்து துண்டித்தார்கள். 1992-இல் மெட்லோ பாத் அருகே பெட்ரோல் டேங்கர் விபத்தில் தீயணைக்கத் தெளித்த நுரை ஒரு காரணமாக இருக்கலாம் என்ற சந்தேகம் இருக்கிறது. முப்பது ஆண்டு கழித்தும் மண்ணிலிருந்து இறங்கும் பொருள் இது. 2025 ஜூனில் தேசிய வழிகாட்டு நெறி, பிஃபாஸில் ஒரு வகையான பி.எஃப்.ஓ.எஸ்.-க்கு லிட்டருக்கு 8 நானோகிராம் என்று வரம்பை இறுக்கியது, முன்பு இன்னொரு வகையோடு சேர்த்து 70 வரை அனுமதி இருந்தது. ஹரிஸ் பார்க்குக்கு வரும் பிராஸ்பெக்ட் நீர் புதிய வரம்புக்குள் அடங்குகிறது. ஆனாலும் கேட்காமல் இருந்திருந்தால் மலைநகரங்களின் நிலை இன்னும் வெகுநாள் தெரியாமல் போயிருக்கும். இதிலிருந்து இரண்டு பாடம். ஒன்று, ஐயம் மேல்நோக்கி, மலைக்கும் அலுவலகத்துக்கும் செல்ல வேண்டும். மற்றொன்று, நம் வழக்கமான மருந்தாகிய கொதிக்க வைத்தல் இதற்குச் சிறிதும் உதவாது. கிருமி சாகும், பிஃபாஸ் போகாது. நீர் வற்றினால் செறிவு கூடவே செய்யும்.

கடைசியாக, மீட்டரைத் தாண்டிய சில மீட்டர் தூரம். ஹரிஸ் பார்க்கின் பழைய குடில் வீடுகளில் பல இன்று உணவகங்கள். அவற்றைச் சுற்றி மூன்று மாடிச் செங்கல் அடுக்ககங்கள். மீட்டர் வரை வந்த நல்ல நீர், அதற்குப் பின்னால் வீட்டு உரிமையாளர் பொறுப்பில் இருக்கும் பழைய குழாய்க்குள் நுழைகிறது. பித்தளைக் குழாய்முனையிலும் பழைய பற்றவைப்பிலும் ஈயம் உண்டு. இரவு முழுவதும் அசையாமல் நிற்கும் நீர் அதைக் கொஞ்சம் கரைத்துக்கொள்ளும். வெந்நீர் இன்னும் கூடுதலாகக் கரைக்கும். காலையில் முதல் வேலையாகக் குழாயைத் திறந்து தேநீருக்குப் பிடிப்பதும், உலை சீக்கிரம் கொதிக்கட்டும் என்று வெந்நீர்க் குழாயிலிருந்து அரிசிப் பானையை நிரப்புவதும் நம் வீடுகளில் சாதாரணம். இரண்டையும் தவிர்க்கச் சொல்லி ஆஸ்திரேலியச் சுகாதாரத் துறைகளின் குழு 2018-இலேயே அறிவுறுத்தியது: காலையில் அரை நிமிடம் நீரை ஓட விடுங்கள், குடிக்கவும் சமைக்கவும் குளிர்ந்த நீர்க் குழாயை மட்டும் பயன்படுத்துங்கள். ஓட விட்ட நீரைச் செடிக்கு ஊற்றலாம். இது அற்பமான எச்சரிக்கை என்று நினைப்பவர்கள் அமெரிக்காவின் பிளின்ட் நகரை நினைவுகூரட்டும். 2014-இல் ஆற்று நீருக்கு மாறியபோது அரிப்புத் தடுப்பு மருந்து சேர்க்கத் தவறினார்கள். வீடுகளுக்குச் செல்லும் குழாய்களிலிருந்தே ஈயம் நீருக்குள் இறங்கியது.

"என் காசு, என் ஆர்.ஓ., உங்களுக்கென்ன?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நல்ல வடிகட்டி ஈயத்தையும் பிஃபாஸையும் நீக்கக் கூடியதுதான். கைக்குழந்தை இருக்கும் மிகப் பழைய வீட்டில் அதற்கு அர்த்தம் உண்டு. ஆனால் பழக்கத்தால் மாட்டுவது வேறு, காரணம் தெரிந்து மாட்டுவது வேறு. கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் குறைவாக இருக்கும் இடங்களில் ஆர்.ஓ.வைத் தடை செய்யும்படி இந்தியாவின் தேசியப் பசுமைத் தீர்ப்பாயமே 2019 மே மாதம் உத்தரவிட்டது. சிட்னி நீர் மென்னீர். அந்த அளவுக்கு வெகு கீழே. அதை ஆர்.ஓ. வழியே செலுத்தினால் ஒரு பங்கு குடிநீருக்காக அதைவிட அதிக நீர் சாக்கடைக்குப் போகலாம். குழந்தைகளின் பல்லுக்காகச் சேர்த்த புளோரைடும் கூடவே போகும். வடிகட்டியை உரிய காலத்தில் மாற்றாவிட்டால் கிருமிகள் அதிலேயே குடியேறும்.

இதைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. வீட்டுக்கு வீடு தனி இயந்திரம் வந்துவிட்ட ஊரில் பொதுக் குழாயைப் பற்றிக் கேட்பதற்கு வசதியுள்ளவர் யாரும் மிஞ்சுவதில்லை. யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் கிணறுகளில் மின் நிலையத்தின் எண்ணெய் கலந்தபோது, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனதால்தான் மின் நிறுவனம் 2 கோடி ரூபாய் செலுத்த வேண்டும் என்று 2019-இல் உத்தரவு வந்தது. மக்கள் போத்தல் நீருக்கு மாறிப் பேசாமல் இருந்திருந்தால் அதுவும் வந்திருக்காது. சிட்னியில் குடிநீர்த் தர அறிக்கை மூன்று மாதத்துக்கு ஒரு முறை வெளிவருகிறது, அதைப் படியுங்கள். குழாயில் பழுப்பு நீர் வந்தால் புகார் செய்யுங்கள். பழைய குழாய்களைப் பற்றி வீட்டுக்காரரிடம் எழுத்தில் கேளுங்கள். நீர்ப்பிடிப்பில் சுரங்கத்துக்கோ குடியிருப்புக்கோ விதியைத் தளர்த்தும் செய்தி வந்தால் உங்கள் தொகுதி உறுப்பினருக்கு எழுதுங்கள். காலையில் அரை நிமிடம் ஓடவிட்ட பிறகு, ஹரிஸ் பார்க் குழாய்த் தண்ணீரைக் காய்ச்சாமல் குடிக்கலாம்.